வாசலில் நான் கட்டிய வேப்பிலை

பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்று இரும்புக் கேட்டின் இரண்டு பக்கமும் வேப்பங்கொத்தைச் சணல் கயிற்றால் கட்டினேன். இடப்பக்கம் ஏழு ஈர்க்கு, வலப்பக்கம் ஏழு ஈர்க்கு. முடிச்சு மூன்றாம் தடவைதான் நின்றது. காலை ஏழு மணிகூட ஆகவில்லை. வெயில் அதற்குள் பிடரியில் ஏறியிருந்தது.

வாசல் தெளிக்க வாளியோடு வந்த என் மனைவி சௌந்தரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, என்ன செய்றீக?"

"வேப்பிலை கட்டுறேன்."

"அது தெரியுது. யாருக்கு அம்மை?"

"எனக்குத்தான்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்து, முதுகு, இரண்டு கைகள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கொப்புளத்தையும் காணோமே."

"எனக்கு இல்லை. இருக்குன்னு ஊர் நினைச்சாப் போதும்."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் பக்கத்தில் வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டுக்குள் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். ஒருவரும் படி ஏறமாட்டார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

"ஆத்தா பேரைச் சொல்லியா பொய் சொல்வாக?" என்றாள். வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் வீசினாள். பாதி என் கால் மேல் விழுந்தது.

நாற்பத்தொரு பேர்

இந்தத் தொடரில் எண்கள் அதிகம் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கடிதம் பதினாறு வரி. என்ன செய்வது, முப்பத்தோரு வருஷம் நில அளவையராக இருந்தவன். நிலம் அளக்கிற சங்கிலியில் நூறு கண்ணி. ஒன்றை விட்டால் ஒருவனுடைய வரப்பு நகர்ந்துவிடும். எண்ணாமல் இருக்க எனக்கு வராது.

புற்றுநோய்க்கு ஆறு தடவை கீமோ என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். இது நான்காவது. முதல் ஊசி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைப் பார்க்க வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். திருவாடானையிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேனில் வந்தார்கள். என் கையைப் பிடித்தவர்கள் முப்பத்து மூன்று பேர். கன்னத்தைத் தடவியவர்கள் ஆறு. இருமியவர்கள் நான்கு, அதில் ஒருவர் என் தலையணையில் கை ஊன்றிக்கொண்டு இருமினார்.

ராமேஸ்வரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஐந்து லிட்டர் கேனில் இருபத்திரண்டு தீர்த்தத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தான். தலையில் தெளித்து, வாயிலும் மூன்று மடக்கு ஊற்றிக்கொள்ள வேண்டுமாம். கேனின் அடியில் ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்தது. "பிரசாதத்தைச் சந்தேகப்படாதீக அண்ணே" என்றான். அவன் முகத்துக்காக ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மூன்று நாள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரையும் குறை சொல்ல முடியாது. நோயாளியைப் போய்ப் பார்க்காவிட்டால் எங்கள் ஊரில் அது பகை. பார்த்தாலும் எட்ட நின்றால் அது அருவருப்பு. தொட வேண்டும்.

ஆனால் டாக்டர் சொன்னது வேறு. ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். மற்றவர்களுக்குத் தும்மலோடு போகிற கிருமி அப்போது எனக்கு ஆளையே கொண்டுபோகலாம். உடம்புச் சூடு நூறு புள்ளி நான்கைத் தொட்டால், வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

அந்த நூறு புள்ளி நான்கு என் மண்டைக்குள் குடியேறிவிட்டது. ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை தெர்மாமீட்டர் வைத்தேன். ஒவ்வொன்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். கதவுக் கைப்பிடியைத் துடைத்தேன். டி.வி. ரிமோட்டைத் துடைத்தேன். கோவையில் இருக்கும் மகள் வருகிறேன் என்றதும், "உன் பிள்ளைக்குச் சளி நிற்கட்டும்" என்று தடுத்துவிட்டேன். சௌந்தரம் ஒரு தடவை தும்மினாள். மிளகாய் வறுத்ததால் வந்த தும்மல். நான் மாடிக்கு ஏறிப் போய்விட்டேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சாயல்குடிப் பக்கம் பார்த்தது

வேப்பிலை யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டை அளக்கப் போயிருந்தோம். ஒரு பெரிய பட்டாதாரர், பக்கத்துப் புறம்போக்கில் வேலியைத் தள்ளிப் போட்டிருந்தார். எல்லைக்கல் அவர் வீட்டுக் கொல்லையில் இருந்தது. வீட்டுக்குள் போகாமல் அளக்க முடியாது. நாங்கள் போன அன்று வாசலில் வேப்பிலை.

"மகளுக்கு ஆத்தா பார்த்திருக்கா சார்" என்றார். நாங்கள் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம். அடுத்த மாதம் போனோம். மகனுக்கு. அதற்கடுத்த மாதம் மருமகளுக்கு. அவர் வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் அதிகாரி தலையில் கை வைத்தார். இன்னும் ஐந்து மாதத்துக்கு அம்மை பாக்கி இருந்தது.

அந்த மனிதரை நினைத்து முப்பது வருஷம் சிரித்திருக்கிறேன். சங்கிலியும் சர்க்காரும் தாண்ட முடியாத ஒரு வேலி ஏழு ஈர்க்கு வேப்பிலையில் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கவில்லை.

கடுகு வெடிக்காத வீடு

ஊசி போட்ட ஏழாம் நாள் நான் கட்டிய வேலி நன்றாக வேலை செய்தது. முதல் நாள் வந்தவர்கள் சைபர். இரண்டாம் நாள் சைபர். வெற்றி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. சௌந்தரம் அடுப்பில் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். அம்மை வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. மீன் கிடையாது. தலை சீவவில்லை. வாசலில் யாசகம் கேட்டு வந்தவருக்கும் கை கூப்பி இல்லையென்று சொல்லிவிட்டாள்.

"இது பொய் அம்மைதானே. நீ எதுக்கு விரதம் இருக்கே?"

"பொய் சொன்னது நீங்க. கட்டினது நெச வேப்பிலை. இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் ஒழுங்கா இருக்கணும்ல?"

ஊர்க்காரர்கள் மதில் மேல் பொருள்களை வைத்துவிட்டுப் போனார்கள். இளநீர் ஒன்பது. நுங்கு ஒரு பை. மோர் தினம் ஒரு தூக்குவாளி. வைத்தவர்கள் குரல் கொடுக்கவில்லை. அம்மை வீட்டில் போகும்போது "வாரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆத்தாளும் திரும்ப வந்துவிடுவாள் என்பார்கள். அதனால் யாரும் விடைபெறுவதே இல்லை. மதிலில் பாத்திரம் உரசும் சத்தம் கேட்கும். பிறகு காலடிச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தினமும் சாயங்காலம் வந்து ஐந்து நிமிஷம் கண்மாய்த் தண்ணீர் பற்றியும் மழை பற்றியும் பேசிவிட்டுப் போகிறவன் காளிமுத்து. தெருக்கோடியில் இருக்கிறான், வாடகைக் கார் ஓட்டுகிறான். ஒவ்வொரு ஊசிக்கும் மதுரைக்கு என்னை அழைத்துப் போவது அவன் வண்டிதான். என்னை மாமா என்பான். அவனும் வரவில்லை. அவனுக்கு நாலு வயதில் ஒரு பெண், கைக்குழந்தையாக இன்னொரு பெண். வராதது நியாயம்.

எழுதாத இரண்டு நாள்

வேப்பிலை கட்டிய மூன்றாம் நாளிலிருந்து எனக்கு என்னவோ ஆனது. வலி இல்லை. வாயில் ஆணியைச் சப்பியது போன்ற ருசி முன்பே இருந்ததுதான். இது வேறு. காலையில் எழுந்து பல் துலக்குவது ஒரு பெரிய வேலையாகத் தெரிந்தது. குளிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மகள் போன் செய்தால், "தூங்குகிறேன் என்று சொல்" என்றேன். செத்துப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. இருப்பதற்கு மெனக்கெட வேண்டுமா என்று மட்டும் தோன்றியது.

நோட்டு என் முன்னால் இருக்கிறது. ஊசி போட்ட பத்தாம் நாள் காலை 98.2 என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே கோடுகள் காலி. பதினோராம் நாள் முழுக்கக் காலி. கிருமிக்குப் பயந்து ஊரையே வெளியே நிறுத்தியவன், காய்ச்சல் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதை நிறுத்தியது எனக்கே தெரியவில்லை.

சௌந்தரத்துக்குத் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவள் நோட்டைப் புரட்டினாள்.

"ரெண்டு நாளா நீங்க எழுதலை."

 அவளே தெர்மாமீட்டரை எடுத்து என் அக்குளில் வைத்தாள். எனக்குக் குளிராக இருந்தது. சித்திரை மாதம், மின்விசிறியும் ஓடவில்லை.

நூற்றொன்று புள்ளி இரண்டு.

கோயில் முன்னால்

எங்கள் ஊருக்கு வழி கேட்டுக்கேட்டு ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் பாதி தூரம் போய்விடலாம். சௌந்தரம் தெருக்கோடிக்கு ஓடினாள். செருப்புப் போடாமல் ஓடினாள் என்று பிறகு சொன்னார்கள்.

காளிமுத்து கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். கட்டிலில் போர்வைக்குள் கிடந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அத்தை, அம்மை போட்ட ஒடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா? ஆத்தா கோவிப்பாளே."

"கொண்டு போகாட்டி மாமா தங்கமாட்டாக தம்பி. உடனே வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காக."

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புருஷனை ஊருக்கு முன்னால் பொய்யன் ஆக்க வேண்டும். எனக்கும் வரவில்லை. பொய் என்று தெரிந்தால் கோபத்தில் போய்விடுவானோ, மெய் என்றே நம்பினால் பயத்தில் போய்விடுவானோ என்று இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெளியே சத்தமே இல்லை. பன்னிரண்டு வரை எண்ணினேன்.

பிறகு கேட் திறந்தது. அவன் வெறுங்காலோடு உள்ளே வந்து, என்னைப் போர்வையோடு வாரித் தூக்கினான்.

ஊர் எல்லையில் அம்மன் கோயில். காளிமுத்து வண்டியை நிறுத்தி இறங்கினான். கோயில் வாசலில் தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போன் போட்டான். கண்ணாடி இறங்கியிருந்தது.

"நான்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. இப்பவே. நான் மூணு நாளைக்கு வீட்டுக்கு வரமாட்டேன், வண்டியிலேயே படுத்துக்கிறேன். சர்வேயர் மாமாவை ஏத்தியிருக்கேன். என்ன செய்யச் சொல்றே, விட்டுட்டா போக முடியும்?"

வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தான். கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. சிவந்திருந்தது.

என் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கித் தலையைத் தூக்கினேன்.

"காளிமுத்து, எனக்கு அம்மை இல்லப்பா."

"பேசாம படுங்க மாமா."

"நெசமா இல்லை. ஆளுக வரக் கூடாதுன்னு நானா கட்டினேன். ஒட்டுவாரொட்டி ஏதும் வந்துரும்னு பயம்."

அவன் திரும்பவில்லை. சௌந்தரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மைல்கல் கடந்தது.

"அத்தை, நெசமா?"

"ஆமா தம்பி."

மேலும் ஒரு கல்.

"ஏன் மாமா," என்றான். குரல் உடைந்திருந்தது. "வரப்பு ஒரு சாண் தள்ளி இருந்தா ஊரைக் கூட்டிச் சண்டை போடுவீக. நீங்களா இப்படி? வண்டியை நிறுத்தி உங்களை நல்லாக் கேக்கணும் போல இருக்கு. நிறுத்த நேரம் இல்ல."

வேகத்தைக் கூட்டினான். ஒரு கையால் போனை சௌந்தரத்திடம் நீட்டினான். "வீட்டுக்குப் போட்டு, போக வேணாம்னு சொல்லுங்க அத்தை. ஆத்தா இல்லையாம், மாமாதானாம்னு சொல்லுங்க."

பத்துக்கு எத்தனை

மதுரை வரை தாங்காது என்று ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனோம். இறங்கியதும் இரத்தம் எடுத்தார்கள், உடனே மருந்து ஏற்றினார்கள். வெள்ளை அணுக்கள் தரையோடு தரையாக இருந்தன. கிருமி வெளியிலிருந்து வந்ததா, என் உடம்பிலேயே இருந்ததா என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் அவரவர் உடம்பில் இருப்பதுதான் எழும்பும் என்றார் டாக்டர். வேப்பிலையை நினைத்துக்கொண்டேன்.

ஆறு நாள் இருந்தேன். அங்கே ஒரு செவிலியர். வயது என் மகளுக்குச் சமம் இருக்கும், பேச்சு பள்ளிக்கூட வாத்தியார் போல. என் நோட்டைப் படித்துவிட்டு, "ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவையா? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஒடம்பு சரியில்லைன்னா இன்னொண்ணு. போதும்யா" என்றார். யார் யார் வரலாம் என்றும் சொன்னார். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வேண்டாம். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, கூட்டமாக இல்லாமல் வரலாம், பேசலாம்.

"இந்த ரெண்டு நாள் ஏன் காலி?" என்று கேட்டார்.

சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட ஆபீசில் அழுததில்லை.

"மனசு பத்துக்கு எத்தனையில இருக்கு?"

அது எனக்குப் புரிகிற கேள்வி. "ரெண்டு" என்றேன்.

"இதையும் அந்த நோட்டுல எழுதுங்க. மூணுக்குக் கீழ போனா, நூத்தி நாலு புள்ளி வந்த மாதிரி நெனைச்சு எங்கக்கிட்ட சொல்லுங்க." நூறு புள்ளி நான்கு என்று திருத்தினேன். சிரித்தார். மறுநாள் மனநல டாக்டர் ஒருவர் வந்து பேசினார். மாத்திரையும் கொடுத்தார். போட்டுக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. இரத்தக் கொதிப்புக்கும் ஒன்று போடுகிறேன்.

பலகை

திரும்ப அழைத்து வர காளிமுத்துதான் வந்தான். வழியில் பேசியது இரண்டு சொல். "ஏறுங்க." "இறங்குங்க." இறக்கிவிட்டு, "வாரேன்" என்றுகூடச் சொல்லாமல் வண்டியைத் திருப்பினான். இப்போது அம்மை இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

கேட்டில் வேப்பிலை சருகாகத் தொங்கியது. அவிழ்க்கப் போனேன். சௌந்தரம் கையைப் பிடித்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவிழ்க்கக் கூடாதாம். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். காய்ச்சி ஆறவைத்ததாக இருந்தால் சரி என்றேன். ஆத்தாளுக்கும் ஆகும், ஆஸ்பத்திரிக்கும் ஆகும் என்று காய்ச்சினாள். ஒரு முடிகூட இல்லாத என் தலையில் மூன்று செம்பு ஊற்றினாள். மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியபோது, பசிப்பது போல் இருந்தது.

பிறகு ஒரு பலகையில், நிலத்தை வரைகிற புலப்படத்தில் எழுதுகிற அதே கட்டை எழுத்தில் எழுதினேன். "இந்த வீட்டில் யாருக்கும் அம்மை வரவில்லை. நான் சொன்னது பொய். மன்னிக்கவும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் குணமான பின் வரவும். மற்றவர்கள் இங்கே கை கழுவிவிட்டு உள்ளே வரவும்." கீழே ஒரு வாளி, சோப்பு, செம்பு.

முதல் நாள் யாரும் வரவில்லை. பலகை முன்னால் நின்று படித்தவர்கள் பதினொரு பேர். படித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் நான்கு பேர் படித்தார்கள். மதிலில் மோரும் இல்லை. நோட்டில் 98.4 என்றும், பக்கத்தில் மூன்று என்றும் எழுதினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே யாரோ பலகையை உரக்கப் படிக்கும் குரல்.

"நான் சொன்னது பொய். ம். மன்னிக்கவும். ம்ம். இதை இன்னும் பெரிசா எழுதியிருக்கலாம்."

பிறகு தண்ணீர்ச் சத்தம். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." இருபது வரை எண்ணினான். "போதுமா மாமா?"

"கட்டைவிரல் கழுவினியா?"

"உயிரோடதான் இருக்கீக" என்று சொல்லிக்கொண்டே காளிமுத்து உள்ளே வந்தான். நாற்காலியை எனக்கு ஆறடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். கண்ணால் அளந்தேன், ஆறேகால் இருக்கும்.

கொஞ்ச நேரம் கண்மாயைப் பற்றிப் பேசினோம். பிறகு அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மூத்த மக கேட்டா மாமா. தாத்தாவை விட்டு ஆத்தா போயிட்டாளான்னு. ஆத்தா வரவே இல்லைன்னேன். பின்ன ஏம்ப்பா போன்ல அழுதேன்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"

 "என்னைக் கூட்டிட்டுப் போ. நானே சொல்றேன்" என்றேன்.

"மொதல்ல அந்த வெள்ளை அணு ஏறட்டும். அவளுக்கு மூக்கு ஒழுகுது."

உள்ளே எண்ணெய் காயும் வாசனை வந்தது. கடுகு வெடித்தது. சௌந்தரம் ரசத்துக்குத் தாளிக்கிறாள். காளிமுத்து எழுந்தான். கேட்டைத் தாண்டினான், செருப்பை மாட்டினான், நின்றான், திரும்பினான்.

"வாரேன் மாமா."

தலையை எக்கி அடுப்படிப் பக்கம் பார்த்து, "வாரேன் அத்தை" என்றான்.

பதினைந்து நாளில் எங்கள் வாசலில் கேட்ட "வாரேன்"கள். எண்ணிக்கொண்டேன். இரண்டு.